சைக்கிளுக்கு விலை குறைந்த ஜிபிஎஸ் எது நல்லது? சனிக்கிழமைக்குள் வேண்டும்

கல்லடி_மிதி (செவ்வாய், இரவு 9.40)
வணக்கம். சைக்கிள் ஓட்டத்தைப் பதிவு செய்ய விலை குறைந்த ஜிபிஎஸ் ஒன்று வேண்டும். போனில் பதிந்தால் எல்லாம் பிழை. கோடு மட்டக்களப்பு வாவிக்குள்ளால் போகிறது, தூரம் குறைகிறது, உயரம் கடலுக்குக் கீழே காட்டுகிறது. சனிக்கிழமை பொத்துவிலுக்குப் போகிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவசரம்.

தாழங்குடாக்காரன் (9.52)
என்ன போன்? என்ன செயலி? கையில் எவ்வளவு காசு இருக்கிறது? வழி பார்க்க வரைபடமும் வேண்டுமா, பதிவு மட்டும் போதுமா? இவ்வளவும் தெரியாமல் ஒரு பெயரைச் சொன்னால் உங்கள் காசுதான் வீணாகும்.

காத்தான்குடி_காக்கா (10.05)
தம்பி, போனை விடுங்கள். அதில் இருக்கிற சிப் மலிவானது. நான் ஐஜிபிஎஸ்போர்ட் பிஎஸ்சி100எஸ் வைத்திருக்கிறேன். பற்றரி 40 மணித்தியாலம் என்று கம்பனி சொல்கிறது. நான் கிழமைக்கு ஒருமுறைதான் சார்ஜ் போடுகிறேன். வரைபடம் கிடையாது, ஆனால் வெயிலில் ஸ்கிரீன் தெளிவாகத் தெரியும். காலையில் முற்றத்தில் ஒரு நிமிடம் வைத்துவிட்டுப் புறப்படுங்கள். வானம் தெரிகிற இடத்தில் செயற்கைக்கோள் பிடிக்காமல் ஓடத் தொடங்கினால் எந்தக் கருவியும் முதல் கிலோமீற்றரில் தடுமாறும்.

பழைய_சில்லு (10.31)
இதே கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்துவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். தூரம் அறியச் செயற்கைக்கோள் எதற்கு? முன்சில்லில் காந்தம் பூட்டிச் சுற்றை எண்ணும் கம்பி மீற்றர் போதும். காற்றை நிரப்பி, சீற்றில் ஏறி இருந்துகொண்டு, ட்யூப் வால்வு நேர் கீழே வரும்போது சில்லு நிலத்தைத் தொடும் இடத்தில் சோக்கால் ஒரு கோடு. ஒரு சுற்று உருட்டி மறு கோடு. இரண்டுக்கும் இடையை மில்லிமீற்றரில் அளந்து அந்த எண்ணைக் கம்பி மீற்றரில் பதியுங்கள். அதற்குப் பிறகு அது பொய் சொல்லாது.

வாழைச்சேனை_22 (11.10)
வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் டேட்டா சரியாக வராது. அதுதான் காரணம். வேறு சிம் போட்டுப் பாருங்கள்.

தாழங்குடாக்காரன் (புதன், காலை 6.15)
@வாழைச்சேனை_22 இல்லை. ஜிபிஎஸ் சிக்னல் வானத்தில் இருந்து வருவது. அதற்கு டேட்டாவும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். டேட்டா இருந்தால் முதல் தடவை இடத்தைக் கெதியாகப் பிடிக்கும், பின்னணியில் வரைபடம் ஏறும், அவ்வளவுதான். கோடு வாவிக்குள் போவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். @கல்லடி_மிதி நீங்கள் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறினீர்களா? பாதையில் போனால் கோடு வாவிக்குள்ளால்தான் போகும்.

கல்லடி_மிதி (12.50)
பாதை ஏறவில்லை. கல்லடி, ஆரையம்பதி, மண்முனைப் பாலம், கொக்கட்டிச்சோலை, பிறகு வவுணதீவு, வலையிறவுப் பாலம், வீடு. எப்படியும் 35 கிலோமீற்றர் வரும். காட்டியது 27. போன் அண்ட்ரொய்ட், வாங்கி மூன்று வருடம். இலவசச் செயலி. 20,000 ரூபா வரை போடலாம். வீட்டிலிருந்து கோல் வரும் என்பதால் பற்றரி சேமிப்பைப் போட்டுத்தான் சட்டைப்பையில் வைப்பேன். கருவியின் பெயரைச் சொன்னால் போதும்.

வவுணதீவு_ரீச்சர் (2.20)
தம்பி, வாங்க முதல் ஒன்று சொல்லுங்கள். அன்றைக்கு எந்தெந்த இடத்தில் போனை வெளியே எடுத்தீர்கள்?

கல்லடி_மிதி (2.31)
மண்முனைப் பாலத்தில் படம் எடுத்தேன். கொக்கட்டிச்சோலைக் கோயிலடியில் அம்மாவின் கோல் வந்தது. வலையிறவில் தண்ணீர் குடிக்க நின்றபோது நேரம் பார்த்தேன்.

வவுணதீவு_ரீச்சர் (2.58)
இப்போது பதிவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த மூன்று இடத்தைச் சுற்றியும் கோடு றோட்டின் மேல் வளைந்து நெளிந்து சரியாகப் போகும். மற்ற இடமெல்லாம் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராக இருக்கும். ஸ்கிரீன் அணைந்ததும் பற்றரி சேமிப்பு உங்கள் செயலியை உறங்க வைக்கிறது. படம் எடுக்கப் போனைத் திறந்ததும் எழும்புகிறது. கடைசியாகப் பதிந்த புள்ளியையும் எழும்பிய புள்ளியையும் செயலி ஒரு நேர்கோட்டால் இணைக்கும். கிழக்கே எழுவான்கரையில் ஒரு புள்ளி, மேற்கே படுவான்கரையில் அடுத்த புள்ளி என்றால் இடையில் வாவிதானே இருக்கிறது. வளைவெல்லாம் நேராகிப் போவதால்தான் 8 கிலோமீற்றரைக் காணவில்லை. எனக்கும் இப்படித்தான் நடந்தது, இரண்டு மாதப் பதிவு பாழ்.

பற்றரி சேமிப்பை நிறுத்துங்கள். செட்டிங்கில் அந்தச் செயலியைத் திறந்து, பற்றரி என்ற இடத்தில் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். இருப்பிட அனுமதியையும் பாருங்கள். பிறகு அதே சுற்றை ஒருமுறை ஓடுங்கள். காசு அதுவரை கையில் இருக்கட்டும்.

காத்தான்குடி_காக்கா (3.40)
ரீச்சர் சொல்வது தூரத்துக்குச் சரி. கடலுக்குக் கீழே உயரம் காட்டுவதற்கு என்ன சொல்வது? அது சிப் பிழைதானே.

அக்கரைப்பற்று_நிலஅளவை (6.05)
சிப்பில் பிழை இல்லை. கல்லடிக் கடற்கரையில் கழித்தல் 90 மீற்றருக்கு மேல் காட்டியிருக்கும், சரியா? ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கடலில் இருந்து அல்ல, பூமிக்கென்று கணித்து வைத்த ஒரு சீரான, சற்றுத் தட்டையான உருண்டை வடிவத்தில் இருந்து. புவியீர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லாததால் உண்மையான கடல் மட்டம் அந்த வடிவத்துக்குச் சில இடத்தில் மேலேயும் சில இடத்தில் கீழேயும் நிற்கிறது. உலகத்திலேயே மிகவும் தாழ்ந்து நிற்பது இலங்கைக்குத் தெற்கே உள்ள கடலில், ஏறக்குறைய 106 மீற்றர். நாங்கள் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இருக்கிறோம். நல்ல செயலி இந்த வித்தியாசத்தைக் கூட்டித் திருத்திக் காட்டும். உங்களுடையது போன் கொடுத்த எண்ணை அப்படியே காட்டுகிறது.

பழைய_சில்லு (6.30)
இதற்குத்தான் காற்றமுக்கத்தை வைத்து உயரம் சொல்லும் உணரி இருக்கிற கருவி வாங்க வேண்டும். அது இல்லாமல் உயரத்தைப் பற்றிப் பேசுவதே வீண். அடிப்படை தெரியாமல் எழுதக் கூடாது.

அக்கரைப்பற்று_நிலஅளவை (6.52)
அடிப்படையில் இருந்தே வருவோம். கடலோரத்தில் அமுக்கம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் உயரம் 8 மீற்றர் அளவில் மாறும். எங்களைப்போல் வெப்ப வலயத்தில் அமுக்கம் காலை 10 மணியளவில் கூடி, பின்னேரம் 4 மணியளவில் குறையும். தினமும் 2, 3 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் வரும். காலையில் புறப்பட்டுப் பின்னேரம் வரை தட்டையான றோட்டில் ஓடினாலும் உங்கள் உணரி 20 மீற்றர் ஏறியதாகச் சொல்லும். பதுளைப் பக்கம் ஏறுகிறவருக்கு அந்த உணரி மிகவும் பயன்படும். மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் வரை ஓட அதற்குக் காசு கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. தூரத்துக்கு நீங்கள் சொன்ன காந்த மீற்றர் திறம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

பழைய_சில்லு (7.15)
நான் நுவரெலியாவுக்கும் ஓடியிருக்கிறேன். என் மீற்றரில் உயரம் பிழைத்ததே இல்லை.

அக்கரைப்பற்று_நிலஅளவை (7.21)
1,800 மீற்றருக்கு மேல் ஏறும்போது 20 மீற்றர் பிழை கண்ணில் படாது. இங்கே முழு ஓட்டத்தின் ஏற்றமே அவ்வளவுதான்.

வாழைச்சேனை_22 (7.40)
பொத்துவில் போகிற பெடியனுக்குக் காக்காவைத் தவிர இன்னும் ஒருவரும் கருவியின் பெயர் சொல்லவில்லை.

தாழங்குடாக்காரன் (8.10)
சரி, நான் சொல்கிறேன். 20,000க்குள் வரைபடத்தைத் தேட வேண்டாம். எக்ஸ்ஓஎஸ்எஸ் ஜி, பிரைட்டனின் சிறிய ரைடர், காக்கா சொன்ன பிஎஸ்சி100எஸ், இவற்றில் கைக்கு எட்டுவதைப் பாருங்கள். பதிவை ஃபிட் அல்லது ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கம்பனி செயலியை நிறுத்தினாலும் அந்தக் கோப்பை வேறு எங்கும் ஏற்றலாம். தண்ணீருக்கு ஐபிஎக்ஸ்7 இருக்க வேண்டும், அதாவது 1 மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும். மாரி மழைக்கு அது தாராளம். ஆனால் அந்தக் கணக்கு நல்ல தண்ணீருக்கு மட்டும். கடற்கரைப் பக்கம் ஓடினால் சார்ஜ் போடும் வாயை உப்புப் பிடிக்கும், ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

தபாலில் எடுக்காதீர்கள். நான் ஓரிடத்தில் எடுத்தது ஒரு மாதத்தில் ஸ்கிரீன் செத்தது, விற்றவர் பிறகு கோலே எடுக்கவில்லை. வெளிநாட்டில் இருந்து எடுப்பதென்றால் சுங்கக் காசையும் சேர்த்துப் பாருங்கள், சனிக்கிழமைக்கு வந்தும் சேராது. இந்த ஓட்டத்துக்குப் போனைத் திருத்திக்கொண்டு பவர்பாங்க் ஒன்றைக் கொண்டு போங்கள். பொத்துவில் 100 கிலோமீற்றருக்கு மேல் வரும். திருக்கோவில் தாண்டினால் கோமாரி வரை கடைகள் குறைவு.

காத்தான்குடி_காக்கா (8.25)
தம்பி, கல்முனை வரைக்கும் நானும் வருகிறேன். என்னுடையதைப் பூட்டிப் பாருங்கள், பிடித்தால் பிறகு வாங்கலாம்.

கல்லடி_மிதி (வெள்ளி, காலை 8.05)
ரீச்சர் சொன்னதுபோல் மாற்றி இன்று விடியற்காலை அதே சுற்று ஓடினேன். 35.6. கோடு பாலத்தின் மேல் போகிறது. பழைய பதிவில் நீங்கள் சொன்ன மூன்று இடம் மட்டும்தான் சரி. 20,000 இப்போதைக்கு வீட்டில் இருக்கட்டும். காக்கா, நாளை 5 மணிக்குக் காத்தான்குடிச் சந்தியில் நிற்பேன். நன்றி.

அக்கரைப்பற்று_நிலஅளவை (8.40)
உயரம் இன்னும் கழித்தலில்தான் காட்டுகிறதா? சரியான எண்ணைச் சொன்னால் கல்லடிக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.