வால்பாறையிலிருந்து இறங்குகிறோம்: பிள்ளைகள் படிப்புக்குப் பொள்ளாச்சியா, உடுமலையா, திருப்பூரா?

சோலையாறு அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் வால்பாறையில் எஸ்டேட் வேலை பார்க்கிறோம். பெரியவள் எட்டாவது, சின்னவன் ஐந்தாவது. இரண்டு பேரும் எஸ்டேட் நடத்துகிற அரசு உதவி பெறும் நடுநிலைப்பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறார்கள். இந்த வருஷத்தோடு பெரியவளுக்கு இங்கே படிப்பு முடிகிறது. ஒன்பதாவதுக்கு டவுன் பள்ளிக்குத்தான் போக வேண்டும். பள்ளி நல்ல பள்ளிதான், வழிதான் பயம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி லயன் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) வரைக்கும் தேயிலைக்கு நடுவே தனியாக நடந்து வர வேண்டும். ஜூன், ஜூலை மழையில் ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கி எதிரில் வருவது தெரியாது. சிறுத்தை நடமாட்டமும் இருக்கிறது. எங்கள் லயனிலேயே பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. எல்லாரும் பிள்ளைகளுக்காகக் கீழே இறங்கியவர்கள்.

வேலையை விட்டால் லயன் வீட்டையும் விட வேண்டும். பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும்தான் கையில் இருக்கப்போகிற மொத்தப் பணம். அதனால் ஒரு தடவைதான் இறங்க முடியும், யோசித்து இறங்க வேண்டும்.

பொள்ளாச்சியில் அவருக்கு நார் மில்லில் வேலை சொல்லியிருக்கிறார்கள். உடுமலையில் என் அக்கா இருக்கிறாள். திருப்பூரில் கொழுந்தனார் பனியன் கம்பெனியில் இருக்கிறார். வந்த மறுநாளே இரண்டு பேருக்கும் வேலை, பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியம் பிரைவேட்டில் போட்டுவிடலாம், ரிசல்ட்டில் திருப்பூர்தான் எப்போதும் மேலே வருகிறது என்கிறார். மாமியார் வேறு மாதிரிச் சொல்கிறார்: பெரியவளை மட்டும் கீழே விடுதியில் சேர்த்துவிடு, சின்னவன் இன்னும் மூன்று வருஷம் இங்கேயே படிக்கட்டும், அதுவரைக்கும் சம்பளமும் வரும், வீடும் இருக்கும் என்று.

பெரியவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். சின்னவன் கணக்கு நன்றாகப் போடுவான், மற்றபடி இன்னும் ஒன்றும் தெரியவில்லை. எந்த ஊரில் பள்ளிக்கூடம் நல்லது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆனைமலைக்காரன்:

அக்கா, நாங்களும் மேலிருந்து வந்த குடும்பம்தான். அப்பா மட்டும் எஸ்டேட்டில் இருந்துகொண்டார், அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு ஆனைமலையில் வாடகைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவார், திங்கள் விடியற்காலை நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறித் திரும்பிப் போவார். சம்பளமும் நிற்கவில்லை, லயன் வீடும் போகவில்லை. எங்கள் படிப்பு அப்படித்தான் முடிந்தது. ஆனால் இரண்டு அடுப்பு எரியும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு வந்த கஷ்டம் பெரியது. காய்ச்சல் வந்தால்கூட மருந்து வாங்கி வர ஆள் இல்லை.

பொள்ளாச்சியில் நகராட்சிப் பெண்கள் மேல்நிலைப்பள்ளி இருக்கிறது, பையனுக்கும் நகராட்சிப் பள்ளி உண்டு. நார் மில் வேலை மழைக்காலத்தில் குறையும். நாரை வெயிலில்தான் காயப்போட வேண்டும். அதை விசாரித்துவிட்டு வாருங்கள்.

உடுமலை டீச்சர்:

கண்ணு, உன் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அரசுப் பள்ளிகளில் வேதியியல் ஆசிரியையாக இருந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். ஊரைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உன் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவசரம் அவனுக்குத்தான்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. நீட் தேர்ச்சி வேண்டும், அதோடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2021-ல் அதைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் வரைக்கும் நீட்டித்தார்கள். இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. உங்கள் எஸ்டேட் பள்ளி உதவி பெறும் பள்ளி என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் பையன் ஆறாவதை அங்கே படித்தால், அந்த ஒரு வருஷத்தாலேயே வாசல் மூடிவிடும். பிறகு எந்த அரசுப் பள்ளியில் சேர்த்தாலும் திறக்காது. கணக்கு நன்றாக வருகிற பையனுக்கு இன்ஜினீயரிங் கட்டணம் முழுவதையும் அரசு கட்டும் என்பது உன்னைப் போன்ற குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம்! அதனால் மாமியார் சொல்கிற மூன்று வருஷ யோசனை வேண்டாம். பெரியவள் இறங்கும்போதே அவனும் இறங்கட்டும்.

பெரியவள் ஆறு, ஏழு, எட்டை உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டாள், அவளுக்கு அந்த 7.5 கிடையாது. அதை நினைத்துத் தளர வேண்டாம். பி.எஸ்சி. நர்சிங்குக்கு நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்தான் பார்க்கிறார்கள். அவளுக்கு வேண்டியது உயிரியல் உள்ள குரூப், அதை ஒழுங்காக நடத்துகிற ஆசிரியர்கள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயை உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் 2024-25 முதல் கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ பன்னிரண்டு வரை தொடர்ந்தால் கல்லூரி போகும்போது அதுவும் வரும். ஒன்பதாவதில் பிரைவேட் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினால் போய்விடும். மாநில அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இருக்கிற 20 சதவீத இடமும் போய்விடும், அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும். எட்டு வருஷம் தமிழில் அறிவியல் படித்த பிள்ளைக்கு, பொதுத்தேர்வு எழுதுகிற பத்தாம் வகுப்புக்கு ஒரு வருஷம் முன்னால் பாடமொழியை மாற்றுவது கொடுமை. அப்படி மாற்றிக் கொண்டுவந்த பிள்ளைகள் வாய் திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள்.

ரிசல்ட் விஷயம். 2024 பிளஸ் டூ தேர்ச்சியில் திருப்பூர் மாவட்டம் 97.45 சதவீதத்தோடு முதலில் வந்தது உண்மைதான். 2025-ல் அரியலூர் 98.82 எடுத்து முந்திவிட்டது. அந்த வருஷம் மாநிலம் முழுவதற்குமே 95.03. இந்த வித்தியாசத்தை வைத்து எந்த ஊரில் குடியேறுவது என்று முடிவு செய்யக் கூடாது. உடுமலையும் திருப்பூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மாவட்டத்தின் எண் உன் மகள் உட்காரப்போகிற வகுப்பறையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அதனால் பள்ளிக்கூடத்துக்கே நேரில் போ. மேல்நிலைப்பள்ளியாகப் பார். உயர்நிலைப்பள்ளி என்றால் பத்தோடு முடிந்து மறுபடி இடம் தேட வேண்டியிருக்கும். பிளஸ் ஒன் குரூப் கொடுக்கும்போது அதே பள்ளியில் பத்தாவது படித்த பிள்ளைகளுக்கு முதலில் இடம் கொடுப்பதுதான் வழக்கம். பிளஸ் டூவுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு நடத்த நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்களா, காலியிடத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட தற்காலிக ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று கேள். தற்காலிக ஆசிரியர்களில் அருமையானவர்கள் உண்டு, ஆனால் வருஷ நடுவில் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவார்கள். பிறகு, போன வருஷம் ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள், இந்த வருஷம் பத்தாவது பரீட்சைக்கு எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள். நூறு சதவீதம் என்று பேனர் கட்டிய பள்ளியில் ஒன்பதாவதோடு பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பியிருந்தால் அது இந்த இரண்டு எண்ணில் தெரிந்துவிடும்.

முடிந்தால் வேதியியல் ஆய்வகத்தை எட்டிப் பார். பியூரெட் எல்லாம் அலமாரியில் தூசியோடு படுத்திருந்தால், அங்கே செய்முறை வகுப்பு பரீட்சைக்கு முந்தின வாரம்தான் நடக்கிறது. மேஜையில் பர்மாங்கனேட் கறையும், ஸ்டாண்டில் மாட்டிய பியூரெட்டும், குழாயில் தண்ணீரும் இருந்தால் அங்கே ஒரு ஆசிரியர் வேலை செய்கிறார். பெண்பிள்ளைகள் கழிப்பறையில் மத்தியானம் இரண்டு மணிக்குத் தண்ணீர் வருகிறதா என்றும் பார்த்துவிடு. தண்ணீர் இல்லாத பள்ளியில் பெண் குழந்தைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அப்புறம் எப்படிப் பாடம் மண்டையில் ஏறும்?

உடுமலையில் பாரதியார் நூற்றாண்டு அரசு மகளிர் மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. முதலில் அதைப் பார், பொள்ளாச்சி நகராட்சிப் பள்ளியையும் இதே கேள்விகளோடு பார். இரண்டில் எதில் பதில் திருப்தியாக இருக்கிறதோ, அந்தப் பள்ளிக்கு உன் மகள் நடந்தே போகிற தூரத்தில் வீடு பிடி. வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடாதே.

வேலம்பாளையம் டெய்லர்:

திருப்பூர் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் கொழுந்தனார் சொல்வது பொய்யில்லை. வந்த மறுநாளே வேலை கிடைக்கும், சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும். பள்ளியும் இல்லாமல் இல்லை. ஜெய்வாபாய் மாநகராட்சிப் பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கிறார்கள், எங்கள் அண்ணன் மகள் அங்கே படித்துத்தான் இன்று நல்ல வேலையில் இருக்கிறாள்.

ஆனால் ஆர்டர் நெருக்கம் வந்தால் இரண்டு பேருமே ஒன்றரை ஷிப்ட் நிற்க வேண்டும். ராத்திரி எட்டரைக்கு மேல்தான் வீட்டுக்கு வருவீர்கள். நாலரைக்குப் பள்ளி விட்டு வருகிற பிள்ளைகள் அதுவரைக்கும் தனியாக இருக்கும். எங்கள் லைன் வீடுகளில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்பதாவது லீவில் பையன் பிசிறு வெட்டப் போவான், கைமடிக்கப் போவான். வாரக் கடைசியில் ரொக்கம் பார்த்துவிடுவான். ஜூனில் பள்ளி திறக்கும்போது அவன் மனசு அங்கே இருக்காது. பெற்றோர் சொல்லி நிறுத்திய வீடுகளும் உண்டு, ஆனால் சொல்வதற்கு அவர்கள் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும். இங்கே வருவதென்றால், ஒருவராவது ஒரு ஷிப்டோடு நிறுத்திக்கொள்வது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு சம்பளத்தைக் குறைத்துக் கணக்குப் போட்டால் உடுமலைக்கும் இங்கேயும் பெரிய வித்தியாசம் வராது. வாடகை இங்கே கூடுதல்.

பழனி ரோடு அப்பா:

உடுமலை பக்கம் வருவதென்றால் அமராவதிநகர் சைனிக் பள்ளியையும் யோசிக்கலாமே? ஆறாவதுக்கு நுழைவுத்தேர்வு வைத்து எடுக்கிறார்கள்.

உடுமலை டீச்சர்:

1962-லிருந்து நடக்கிற நல்ல பள்ளிதான். ராணுவத்தில் அதிகாரியாகப் போக ஆசைப்படுகிற பிள்ளைக்குச் சரியான இடம். ஆனால் நுழைவுத்தேர்வுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும், கட்டணமும் உண்டு, 7.5-க்கு அது கணக்கில் வராது. இந்தக் குடும்பத்துக்கு இப்போது அது பொருந்தாது என்பது என் எண்ணம். பையனுக்கு ஆசை வந்தால் ஒன்பதாவதிலும் சேர்க்கை உண்டு, அப்போது பார்க்கலாம்.

சோலையாறு அம்மா:

டீச்சர், உங்கள் பதிலை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். சின்னவன் விஷயம் எங்களுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. மாமியாரும் கேட்டுவிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டே போங்கள் என்று சொல்லிவிட்டார். திருப்பூர் அண்ணாவுக்கும் நன்றி, நீங்கள் சொன்ன பிறகு அந்த யோசனையை விட்டுவிட்டோம். ஆனைமலை தம்பி சொன்ன மாதிரி அவர் கொஞ்ச நாள் மேலேயே இருந்து சம்பளம் வாங்கட்டும், நான் பிள்ளைகளோடு அக்கா வீட்டுப் பக்கம் இறங்குகிறேன் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். காய்ச்சல், தலைவலி என்றால் அக்கா இருக்கிறாள்.

இரண்டு சந்தேகம். பெரியவள் எட்டாவதில் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எழுதியிருக்கிறாள், ஊர் மாறினால் அது போய்விடுமா? இங்கிருந்து என்னென்ன வாங்கிக்கொண்டு வர வேண்டும்?

உடுமலை டீச்சர்:

என்.எம்.எம்.எஸ். போகாது கண்ணு. தேர்ச்சி பெற்றால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். ஊர் மாறலாம், ஆனால் அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படிக்க வேண்டும். புதுப் பள்ளியில் சேர்ந்ததும் முதல் வாரமே தலைமையாசிரியரிடம் தேர்வு எண்ணைக் கொடுத்துவிடு. புதுப்பிப்பது அந்தப் பள்ளி மூலமாகத்தான் நடக்க வேண்டும், சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது.

சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் வால்பாறையில் இ-சேவை மூலம் இறங்குவதற்கு முன்பே வாங்கிவிடு. முகவரி மாறிய பிறகு அலைச்சல் அதிகம். டி.சி. வாங்கும்போது இரண்டு பிள்ளைகளின் எமிஸ் எண்ணையும் (கல்வித்துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கிற பதிவு எண்) குறித்துக்கொள். பெயர், பிறந்த தேதி, இனிஷியல் மூன்றும் ஆதாரில் இருக்கிறபடியே டி.சி.யிலும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபார். அதோடு இன்னொன்று கேட்டு வாங்கு: எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தார்கள் என்று தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் போட்ட சான்று, இரண்டு பேருக்கும் தனித்தனியாக. பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிற பள்ளி எத்தனை வருஷம் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பத்து வருஷம் கழித்து உன் மகள் அரசு வேலைக்கு விண்ணப்பம் போடும்போது அந்தச் சான்றைக் கேட்பார்கள், அப்போது மலை ஏறித் தேட வேண்டாம்.

உடுமலைக்கு வருகிற அன்று இங்கே ஒரு வரி எழுது. பள்ளிக்கு நானும் கூட வருகிறேன்.