சூடேறியதும் நின்றுவிடும் பழைய கார்: குறை தீப்பொறியிலா, பெட்ரோலிலா?

சாட்ஸ்வொர்த் வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1993ஆம் ஆண்டில் தயாரான ஜப்பானிய செடான் கார் ஒன்று இருக்கிறது. 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், இன்ஜெக்‌ஷன் முறை, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் உண்டு, கியர் கையால் மாற்றுவது. காலையில் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பிவிடுகிறது. டர்பன் நகருக்குள் குறுகிய தூரம் ஓட்டினால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் பைன்டவுனைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஏறி ஹில்கிரெஸ்ட் பக்கம் போனாலோ, வெயில் நேரத்தில் ரோபோட் எனும் போக்குவரத்து விளக்குகளில் நெடுநேரம் நிற்க நேர்ந்தாலோ, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் இன்ஜின் நின்றுவிடுகிறது. உடனே ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழல்கிறது, இன்ஜின் மட்டும் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் ஓடுகிறது.

வெப்பமானி முள் எப்போதும் பாதிக்குக் கீழேதான் நிற்கிறது, ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை, விசிறியும் வேலை செய்கிறது. மெக்கானிக் ஒருவர் பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலை மாற்றச் சொல்கிறார். இருவரிடமும் காரை விட்டபோது அது நிற்கவே இல்லை என்பதால், இருவர் சொன்னதும் ஊகம்தான் என்று எனக்குப் படுகிறது. தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு ஜோகன்னஸ்பர்க் அருகே உள்ள லெனேசியா போக வேண்டும். எதை மாற்றுவது என்று எப்படி உறுதி செய்வது?

டொங்காட் பெரியவர்:

தம்பி, இது பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்ளும் பழைய கோளாறாக இருக்கலாம். எங்கள் காலத்தில் பெட்ரோல் குழாயில் மரத்தாலான துணிக் கிளிப்புகளை வரிசையாக மாட்டிவிட்டு வான் ரீனன் கணவாய் ஏறுவோம். உயரம் கூடக்கூட பெட்ரோல் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிவிடும் என்பதால், கரையோரத்தில் ஒழுங்காக ஓடும் வண்டிகூட மேட்டில் திணறும். பெட்ரோல் தொட்டியின் மூடியையும் ஒருமுறை பார். மூடியில் காற்று புகும் துளை அடைத்திருந்தால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். கார் நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது காற்று வேகமாக உள்ளே இழுக்கப்படும் ஓசை கேட்டால் குற்றவாளி அதுதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கார் மின்பணி:

ஐயா சொன்ன மூடிச் சோதனைக்குச் செலவே இல்லை, அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் ஆவி அடைப்பைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. அந்தக் கோளாறு, இன்ஜின்மேல் பொருத்திய பம்ப் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும் கார்புரேட்டர் வண்டிகளுக்கு உரியது. உங்கள் காரில் பம்ப் தொட்டிக்குள்ளேயே இருந்து, ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று பார் அழுத்தத்தில் பெட்ரோலை முன்னே தள்ளுகிறது. மிஞ்சுவது இன்னொரு குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்பி ஓடிக்கொண்டிருப்பதால், ஓடும் இன்ஜின் ஆவி அடைப்பால் சட்டென்று நிற்பது அரிது.

சகோதரரே, உங்கள் இரு மெக்கானிக்குகளுக்கும் நேர்ந்த இடையூறு ஒன்றே: இந்த வகைக் கோளாறு, குளிர்ந்த காரில் இருப்பதே இல்லை. மெல்லிய கம்பிச் சுற்றில் உள்ள முறிவோ, ஈயம் வைத்த இணைப்பில் உள்ள விரிசலோ வெப்பத்தில் விரியும்போது மட்டும் தொடர்பை இழந்து, ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆகவே கார் நின்றுபோய் இருக்கும் அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்குச் சோதனை நேரம். அதற்கு வேண்டிய கருவிகளைக் காரிலேயே வைத்திருங்கள். பன்னிரண்டு வோல்ட் சோதனை விளக்கு, மல்டிமீட்டர், ஒரு பழைய ஸ்பார்க் பிளக், துணைக்கு ஒருவர், இவ்வளவு போதும். நெடுஞ்சாலையில் இதைச் செய்யாதீர்கள். வீட்டு வாசலிலேயே, காற்றோட்டமான இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு, அது நிற்கும்வரை காத்திருங்கள்.

முதல் குறிப்பு, ஓட்டும்போதே கிடைக்கும். கார் கியரில் உருண்டுகொண்டிருக்கையில் இன்ஜின் செத்தால், கிளட்சை மிதிக்காமல் இன்ஜின் வேகம் காட்டும் டாக்கோமீட்டரை ஒரு கணம் பாருங்கள். அக்காலத்துப் பல கார்களில் அந்த முள், காயிலின் முதன்மைச் சுற்று திறந்து மூடுவதைக் கணக்கிட்டே நகர்கிறது. சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று சுழியத்தில் விழுந்தால் தீப்பொறிப் பக்கத்தில் குறை இருக்கிறது. இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் பெட்ரோல் பக்கத்தைப் பாருங்கள்.

கார் நின்ற பிறகு, ஒரு பிளக் வயரில் பழைய பிளக்கை மாட்டி, அதன் உலோக உடலை இன்ஜினில் அழுத்தமாகப் பொருத்திவிட்டு, துணைக்கு இருப்பவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். பிளக்கைக் கையால் பிடிக்க வேண்டாம். அருகில் பெட்ரோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். நல்ல நீலப் பொறி வந்தால் காயிலை மறந்துவிட்டுப் பம்ப், ரிலே, ஃபில்டர் ஆகியவற்றுக்குப் போகலாம். தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது மட்டும் கார் நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள், ஏனென்றால் தொட்டிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

பொறி வராவிட்டால், சோதனை விளக்கை முதலில் காயிலின் நேர்முனையில் வையுங்கள். அங்கே விளக்கு எரியவில்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச், மெயின் ரிலே, வயரிங் ஆகியவற்றில் ஒன்று மின்சாரத்தை நிறுத்துகிறது. எரிந்தால் விளக்கை எதிர்முனைக்கு மாற்றி, ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். அங்கே விளக்கு மினுக்கினால், காயிலின் மின்னோட்டத்தை விட்டு விட்டு நிறுத்தும் இக்னைட்டர் தன் வேலையைச் செய்கிறது, பெரும்பாலும் காயில்தான் செத்திருக்கிறது. மினுக்காமல் எரிந்தபடியே இருந்தால் இக்னைட்டரோ, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து சுழற்சியை உணரும் பிக்கப் காயிலோ பழுது. இந்த இரண்டையும் பிரிக்க, மல்டிமீட்டரை மாறுமின்னழுத்த அளவில் வைத்துப் பிக்கப் காயிலின் இரு முனைகளையும் தொட்டபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், நல்ல பிக்கப் சிறிதேனும் மின்னழுத்தம் காட்டும்.

ஃபீனிக்ஸ் மாணவன்:

அக்கா, ஒரு கேள்வி. என் தந்தையின் ‘பாக்கி’ எனும் சிறு சரக்கு வண்டியிலும் இதே தொல்லை இருக்கிறது. காயிலைச் சூடாக அளந்தபோது, குளிர்ந்த நிலையில் இருந்ததைவிட ஓம் கணக்கு கூடியிருந்தது. அதைப் பார்த்துக் காயில் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யலாமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கார் மின்பணி:

கூடாது. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுவது இயற்கை. 25 பாகையில் அளந்த காயில் 95 பாகைக்கு ஏறினால் மின்தடை கால் பங்குக்குச் சற்று மேல் உயர்ந்தே தீரும். கையேட்டில் உள்ள அளவும் குளிர்ந்த காயிலுக்கு உரியதாகவே பெரும்பாலும் இருக்கும். மீட்டர் எல்லையைத் தாண்டி முடிவிலியைக் காட்டினாலோ, வயரை மெல்ல அசைக்கும்போது எண் குதித்தாலோதான் ஐயப்பட வேண்டும். நல்ல காயில்கள் பல இந்தக் காரணத்தாலேயே குப்பைக்குப் போகின்றன என்பது என் நெடுநாள் வருத்தம்.

மெரிபேங்க் கடலோரம்:

அக்கா சொன்ன வரிசையில் நான் சேர்க்க விரும்புவது ஒன்றே. கடற்காற்றில் நிற்கும் பழைய கார்களில் இணைப்பிகளுக்குள் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். உறுப்பு எதையும் வாங்கும் முன், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் இணைப்பிகளையும், இன்ஜினிலிருந்து பாட்டரிக்கு வரும் எர்த் கம்பியையும் கழற்றித் துலக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். சூட்டைக் குறைத்துப் பார்க்க விரும்பினால் ஈரத் துணியைக் காயிலின் வெளியுடலில் மட்டும் போடுங்கள். கொதிக்கும் இன்ஜின்மீது தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிப்பு விடும்.

சாலையில் நின்றுவிட்டால் முக்கோண எச்சரிக்கைப் பலகையை வண்டிக்குப் பின்னால் குறைந்தது 45 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். இன்ஜின் நின்ற பிறகு பிரேக்கின் வெற்றிட உதவி சில மிதிகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால், மேட்டுச் சாலையில் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டுங்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகன்:

அனைவருக்கும் நன்றி. இணைப்பிகளைத் துலக்கியும் பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தும் மாற்றம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஓடவிட்டபோது இன்ஜின் நின்றது, பொறி இல்லை. காயிலின் நேர்முனையில் விளக்கு தெளிவாக எரிந்தது. எதிர்முனையில் எரிந்தபடியே இருந்தது, மினுக்கவில்லை. பிக்கப் காயில் மீட்டரில் மின்னழுத்தம் காட்டியது. அப்படியானால் இக்னைட்டர்தானே? அது டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் இரண்டு திருகுகளால் பொருத்தப்பட்டிருக்கிறது. கழற்றிப் பார்த்தபோது அடியில் இருந்த வெள்ளைப் பசை சுண்ணாம்புபோல் உலர்ந்து உதிர்ந்தது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கார் மின்பணி:

இக்னைட்டர்தான். அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் காயிலின் முழு மின்னோட்டத்தையும் நொடிக்குப் பல முறை நிறுத்தி மறுபடி ஓடவிடுவதால் தானே சூடாகும். அந்தச் சூட்டை உலோகத்துக்குக் கடத்தவே அந்தப் பசை. அது உலர்ந்தபின் சூடு வெளியேற வழியில்லை, அதனால்தான் மேட்டிலும் நெரிசலிலும் மட்டும் நின்றிருக்கிறது. புதிய இக்னைட்டரைப் பொருத்தும் முன் பழைய பசையை முழுவதும் துடைத்தெடுத்து, வெப்பம் கடத்தும் பசையை மெல்லிய படலமாகத் தடவுங்கள். கடையில் ஸ்பார்க் பிளக் தொப்பிக்குள் தடவும் சிலிக்கோன் கிரீசை எடுத்துக் கொடுப்பார்கள், அதை வாங்காதீர்கள். அது ஈரத்தைத் தடுக்குமே தவிர, சூட்டைக் கடத்தும் வேலைக்குப் போதாது. ஸ்கிராப்யார்டில் கிடைக்கும் பழைய இக்னைட்டரும் உங்களுடையது ஓடிய அளவு சூட்டில் ஓடியதுதான், ஆகையால் இந்த ஓர் உறுப்பைப் புதிதாக வாங்குங்கள்.

மாற்றிய பிறகு நேராக லெனேசியாவுக்குக் கிளம்ப வேண்டாம். நண்பகல் வெயிலில் ஆட்களோடு ஹில்கிரெஸ்ட் வரை ஏறி, அங்கே இன்ஜினை நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். காற்றோட்டம் இல்லாமல் இன்ஜின் நிற்கும்போதுதான் பானெட்டுக்கு அடியில் சூடு மிகும். அந்தச் சோதனையில் பிடித்துக்கொண்டால் ஜோகன்னஸ்பர்க் செல்லும் என்3 நெடுஞ்சாலையில் போகலாம்.