காவேரிப்பட்டணம் பக்கம் பழைய புன்செய்: யூ.டி.ஆருக்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) முந்தைய பதிவுகள் எந்த ஆபீஸில்?

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணம் பக்கம் மானாவாரிப் புன்செய், 2 ஏக்கர் 40 சென்ட். 1968 கிரயப் பத்திரத்தில் பழைய சர்வே எண்தான் இருக்கிறது. இப்போது அங்கே உழவு இல்லை, பட்டாவும் வேறு பெயரில்.

'அ' பதிவேட்டில் (கிராம நிலங்களின் சர்வே எண், பரப்பு உள்ள பதிவேடு) பழைய எண்ணை வைத்துப் புது எண்ணைப் பிடித்தாயிற்று. பரப்பு 0.97.0 ஹெக்டேர், பத்திரத்தோடு ஒத்துப்போகிறது. புலப்படத்தில் (நிலத்தின் அளவு வரைபடம்) இரண்டு உட்பிரிவு. 1975 முதல் வில்லங்கம் போட்டதில் கிரயம் ஒன்றுமே இல்லை. பழைய எண், புது எண், இரு உட்பிரிவுகள் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் போட்டது. (புது எண்ணை மட்டும் போட்டால், பழைய எண்ணில் பதிவான கிரயம் விட்டுப்போகும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.)

பத்திரமே இல்லாமல் பட்டா மாறியிருப்பதால், யூ.டி.ஆர் சமயத்தில் அனுபவத்தை வைத்துப் பெயர் ஏறியிருக்கலாம் என்பது என் கணிப்பு. பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை என்றாலும் வில்லங்கத்தில் தெரியாது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

இந்தப் பகுதி 1965 வரை சேலம் மாவட்டம், 2004 வரை தருமபுரி மாவட்டம். யூ.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலைச் சமீபத்தில் யாராவது வாங்கினீர்களா? சேலத்திலா, தருமபுரியிலா, கிருஷ்ணகிரியிலா?

1968 முதல் 1974 வரை சார்பதிவகத்தில் கையால் தேடும்போது, சர்வே எண் போதுமா? எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயரும் கேட்பார்களா?

உட்பிரிவு செய்த உத்தரவின் கோப்பு எண் தாலுகா ஆபீஸில் கிடைக்காவிட்டால், தகவல் உரிமை மனுவில் எப்படிக் கேட்பது? மனு எழுதியவர்கள் வாசகத்தை அப்படியே போட்டால் பெரிய உதவி.