திட்டம் எழுதுகிறார்கள், ஆனால் அதன்படி செய்வதில்லை

கேள்வி:
எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்கு ஆறு வாரம் கொடுத்து, முதல் நாளே எல்லோரிடமும் திட்டம் எழுதி வாங்கினேன். 'முதல் வாரம்: தகவல் சேகரிப்பு, இரண்டாம் வாரம்: ஆய்வு' என்று அழகாக எழுதினார்கள். கடைசியில் முக்கால்வாசிப் பேர் செய்தது கடைசி மூன்று நாளில்தான். விதை முளைப்பதை எடுத்த குழு, செடியே வளர்க்காமல் அட்டவணையை நிரப்பிவிட்டது. மனசு கஷ்டமாகிவிட்டது. திட்டமிடுவதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

பதில் 1:
பிள்ளைகளைத் திட்ட வேண்டாம் டீச்சர். 'தகவல் சேகரிப்பு' என்பது தலைப்பு. உட்கார்ந்ததும் கை எதைச் செய்ய வேண்டும் என்பது அதில் இல்லையே. நானும் பல வருடம் அப்படித்தான் எழுதி வாங்கினேன்.

இப்போது பின்னாலிருந்து எண்ணச் சொல்கிறேன். உங்கள் விதைக் குழுவையே எடுங்கள். ஒப்படைக்கும் தேதியை போர்டில் எழுதிவிட்டு, அதற்கு முன் கையில் என்ன இருக்க வேண்டும் என்று கேளுங்கள். வரைபடம் என்பார்கள். அதை வரைந்து எழுத ஒரு வாரம். வரைபடத்துக்கு என்ன வேண்டும்? மூன்று வார அளவுகள். அளப்பதற்கு? முளைத்த செடி. பயறு முளைத்து மண்ணுக்கு மேல் வர ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். சில விதை முளைக்காமலே போகும், மறுபடி போட இன்னொரு வாரம். ஆறு வாரமும் தீர்ந்துவிட்டது! இதை நான் சொல்லிவிடுவதில்லை, அவர்களே எண்ணட்டும் என்று காத்திருப்பேன். யாராவது ஒரு பிள்ளை 'அய்யோ, நாளைக்கே ஊறப்போடணும்' என்று கத்தும். அதற்காக ஒரு பீரியட் முழுக்கப் போனாலும் பரவாயில்லை.

அப்புறம், ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம்: எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேன், எவ்வளவு ஆனது. படம் வரைய அரை மணி என்று எழுதிய பெண் இரண்டு மணி என்று நிரப்பினாள். இதற்கு மதிப்பெண் கிடையாது. கொடுத்தால் பொய்க் கணக்கு வரும். நேரத்தைக் குறைத்துக் கணிப்பதில் பெரியவர்களும் அந்தப் பெண்ணைப் போலத்தான். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாகச் சுமார் 34 நாள் ஆகும் என்று கணித்தார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல்.

பதில் 2:
பின்னாலிருந்து எண்ணுவது நல்ல வழி. ஆனால் 13 வயதுப் பிள்ளைக்கு ஆறு வாரம் ரொம்பத் தூரம். நான் வெள்ளிக்கிழமைதோறும் அடுத்த வாரத்துக்கு மட்டும் ஒரு வரி எழுதச் சொல்வேன். 'செடியைக் கவனிப்பேன்' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். 'செவ்வாய்க்கிழமை பள்ளிவிட்டு வந்து பையை வைத்ததும் மூன்று செடியையும் ஸ்கேலால் அளப்பேன்' என்று இருக்க வேண்டும். எதை முடித்ததும் எதைச் செய்வது என்று முன்பே முடிவு செய்தவர்கள் வேலையை அதிகம் முடிக்கிறார்கள் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

கேட்டவர்:
சரி, திட்டமே பிசகினால்? இரண்டாவது தடவையும் விதை முளைக்காவிட்டால்?

பதில் 1:
ரப்பரால் அழிக்க மட்டும் விடாதீர்கள். பழைய தேதி மேல் ஒரு கோடு, பக்கத்தில் புதுத் தேதி, ஏன் மாறியது என்று அரை வரி. என் வகுப்பில் ஒரு குழுவுக்கு இரண்டு தடவை விதை அழுகிப்போனது. மூன்றாவது தடவை தண்ணீரைக் குறைத்தார்கள், முளைத்தது. எட்டு நாள் வளர்ச்சியைத்தான் காட்ட முடிந்தது. அந்தக் கோடு போட்ட தாளையும் சார்ட்டில் ஒட்டச் சொல்லி, முழு மதிப்பெண் கொடுத்தேன்.

கேட்டவர்:
அடுத்த ப்ராஜெக்ட் திங்கட்கிழமை தொடங்குகிறது. அதே குழுவுக்கு மறுபடி விதையையே கொடுக்கப் போகிறேன்.