கூடைப்பந்து நட்சத்திரம் டுவைட் ஹோவர்ட் தைவானில் ஆடிய அந்த ஒரு சீசன்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஜோங்லிவாசி:

நேரில் பார்த்தவர்களுக்குத்தான் முன்னுரிமை. கிளிப் மட்டும் பார்த்தவர்களும் வரலாம், ஆனால் "அதெல்லாம் சும்மா லீக்தானே" என்று ஆரம்பிக்காதீர்கள், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

நானே தொடங்குகிறேன். 2022 கடைசியில் தாவோயுவான் நகரத்தைச் சேர்ந்த ஜோங்லியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். அந்த நவம்பரில் ஹோவர்ட் தாவோயுவான் லெப்பர்ட்ஸ் அணிக்கு ஆட வருகிறார் என்று செய்தி வந்தபோது முதலில் யாரோ கிளப்பிவிட்ட புரளி என்றுதான் நினைத்தேன். பள்ளியிலிருந்து நேராக, அமெரிக்க என்பிஏ லீக் அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் 2004 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், எட்டு முறை ஆல் ஸ்டார், 2009, 2010, 2011 என்று தொடர்ந்து மூன்று முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, 2020இல் லேக்கர்ஸோடு சாம்பியன் மோதிரம். அப்படிப்பட்ட ஆள் இரண்டாவது சீசனைத்தான் தொடங்கியிருந்த, மொத்தம் ஆறே அணிகள் கொண்ட டி1 லீக்குக்கு ஏன் வரவேண்டும்? காரணம் எளிது. 18 வருஷம் என்பிஏவில் ஆடிய பிறகு அங்கே யாரும் கூப்பிடவில்லை. வயது 37 ஆகப்போகிறது, ஆடும் ஆசை மட்டும் போகவில்லை.

முதல் ஆட்டம் நவம்பர் 19. டிக்கெட்டுக்கு வாய்ப்பே இல்லை, 15,000 பேர் உட்காரும் தாவோயுவான் அரீனா நிரம்பி வழிந்தது. லேபில் போனை மானிட்டர் மேல் சாய்த்து வைத்துப் பார்த்தேன். 38 பாயின்ட், 25 ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 9 அசிஸ்ட் (பாயின்டுக்கு வழிவிடும் பாஸ்), 4 பிளாக். நியூ தைபே சிடிபிசி டிஇஏ அணியை 120-115 என்று ஜெயித்தார்கள். எண்ணைவிட எனக்குத் திகைப்பாக இருந்தது அவர் ஆடிய விதம்தான். என்பிஏவில் ரிங்குக்கு மூன்றடி தள்ளி நின்று ஷூட் செய்தாலே பயிற்சியாளர் முறைத்த மனிதர், இங்கே பந்தைத் தானே தட்டிக்கொண்டு வந்து, ஸ்டெப் பேக் போட்டு, அதாவது ஒரு எட்டு பின்வாங்கி, தூரத்திலிருந்து த்ரீ (மூன்று பாயின்ட் ஷாட்) எறிகிறார்! பத்து எறிந்து இரண்டு விழுந்தது. விழாத எட்டுக்கும் கூட்டம் கத்தியது, அது வேறு விஷயம்.

அப்புறம் கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் ஒரு வார இறுதியில் நேரிலேயே போனேன். ஆன்லைனில் பதிவு செய்துவிட்டு டிக்கெட்டைக் கன்வீனியன்ஸ் ஸ்டோர் மெஷினில் அச்செடுக்க வேண்டும், திரை முழுக்கச் சீனம், கல்லாவில் இருந்த பெண் வந்து பட்டன் பட்டனாகத் தட்டிக் கொடுத்தார். ஜோங்லியிலிருந்து லோக்கல் ரயில், அங்கிருந்து பஸ். உள்ளே போனால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். மைக் பிடித்தவர் ஆட்டம் முழுக்க ஒரு நொடி வாயை மூடவில்லை, பந்து எதிரணி கையில் இருந்தாலும் நம் அணி கையில் இருந்தாலும் அவருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. காற்றடைத்த குச்சிகளை எல்லோரும் தட்டுகிறார்கள், ஒவ்வொரு இடைவெளிக்கும் சியர்லீடர்கள், என் பக்கத்து இருக்கைப் பாட்டி மடியில் பியந்தாங் சாப்பாட்டுப் பெட்டியை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே எழுந்து எழுந்து கத்துகிறார்.

ஆனால் நான் கண்ணெடுக்காமல் பார்த்தது ஒரே விஷயத்தை. ரீபவுண்டுக்கு முன்னால் அவர் என்ன செய்கிறார் என்று. ஷூட் கையை விட்டுக் கிளம்பும்போதே அவர் பந்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். முதுகால் எதிராளியைத் தேடி, இடுப்பைத் தாழ்த்தி, முழங்கையை அகட்டி இடம் பிடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்குகிறார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த உள்ளூர் சென்டர் பையன் குறைந்தது ஒரு சாண் உயரம் கம்மி, ஆனாலும் முழங்காலை அவர் தொடைக்குப் பின்னால் கொடுத்து முட்டி முட்டிப் பார்த்தான். நகரவில்லை. பந்து வந்ததும் ஒற்றைக் கையால் பூசணிக்காய் பறிக்கிற மாதிரி எடுத்துக்கொண்டார். 37 வயதில் பழைய குதி இல்லை, அது டிவியிலேயே தெரியும். இந்த முதுகு வேலை டிவியில் தெரியாது.

ஃப்ரீ த்ரோ மட்டும் மாறவே இல்லை. என்பிஏவில் வாழ்நாள் முழுக்க நூற்றுக்கு 57ஐ ஒட்டித்தான் போட்டவர். கோட்டில் வந்து நின்றதும் நம் ஆதரவாளர்களே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று லெப்பர்ட்ஸ் தோற்றார்கள். அந்த சீசன் முழுக்க பெரும்பாலும் அதுதான் நடந்தது.

---

சிஞ்சு வடைகடை:

(கடை எதுவும் இல்லை, பெயர்தான் அப்படி.)

நான் வெளியூர் ஆட்டம் ஒன்றுக்குப் போனேன், அதுதான் வேடிக்கை. சொந்த அணிக்குக் கத்த வேண்டிய உள்ளூர்க் கூட்டம் ஹோவர்ட் பெயர் அறிவித்ததும் எழுந்து நின்று கைதட்டுகிறது. அறிவிப்பாளருக்கே தர்மசங்கடம், எந்தப் பக்கம் உற்சாகப்படுத்துவது என்று தெரியாமல் ஒரு மாதிரி சிரித்து மழுப்பினார்.

நான் சீக்கிரமே போய்விட்டதால் வார்ம் அப் பார்க்கக் கிடைத்தது. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் குட்டிக் குட்டிப் பசங்க வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள், ஓடி வந்து எல்லோர் கையிலும் ஒரு அடி. கடைசியில் ஒரு நண்டு, நாலு வயது இருக்கும், கையை நீட்டப் பயந்து அப்பா காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தும் அந்தக் குழந்தையைவிட உயரம்! அது அழ ஆரம்பித்ததும் அவரும் அழுவது போல நடித்தார், கூட்டமே சிரித்தது. காசுக்காக வந்தவர், கடனுக்கு ஆடுகிறார் என்று அப்போது எழுதியவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். காசு வாங்கத்தான் வந்தார், சரி. வாங்கின காசுக்குச் சிரிக்கவும் செய்தார்.

ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். சில நேரம் எதிரணி வேகமாகத் திரும்பி ஓடும்போது அவர் நடந்துதான் வந்தார். ஐந்து பேருக்கு நான்கு பேர் தடுக்கிற நிலை. பக்கத்தில் இருந்த தைவான் நண்பரிடம் கேட்டால், "அவரைக் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்?" என்றார்.

---

பழைய பாயின்ட் கார்ட்:

நான் நேரில் பார்க்கவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பல ஆட்டங்களை முழுசாக உட்கார்ந்து பார்த்தவன், ஊரில் காலேஜ் பசங்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறவன், அதனால் இதைச் சொல்லலாம்.

20 ஆட்டம், சராசரி 23.2 பாயின்ட், 16.2 ரீபவுண்ட், 5 அசிஸ்ட். இந்த எண்ணை மட்டும் காட்டினால் அணி சாம்பியன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். லெப்பர்ட்ஸ் அட்டவணையின் அடிமட்டத்தில் கிடந்தது. ஏன்?

ஹோவர்டின் தொழில் என்ன? ஸ்கிரீன் வைப்பது (எதிராளியை உடம்பால் மறித்து நிற்பது), அங்கிருந்து திரும்பி ரிங்கை நோக்கி ஓடுவது, மேலே வரும் பந்தை ரிங்குக்குள் அடிப்பது, மறுபக்கம் ரிங்குக்குக் காவல். 2009இல் ஆர்லாண்டோ இறுதிப் போட்டி வரை போனது இவரை நடுவில் நிறுத்தி, சுற்றி நான்கு பேரை த்ரீ எறிய விட்டதால்தான். அந்த ஏற்பாட்டில் யாரோ ஒருவர் அவருக்குப் பந்து கொடுக்க வேண்டும், மற்றவர்கள் எறிய வேண்டும். தாவோயுவானில் தலைகீழ். ஜனங்கள் டிக்கெட் வாங்கியதே ஹோவர்ட் கையில் பந்தைப் பார்க்க, அதனால் பந்து அவர் கையிலேயே இருந்தது. உள்ளூர் ஆட்டக்காரர்கள் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, கடைசி நான்கு நொடியில் பந்து வந்தால் அவசரமாக எறிந்தார்கள். ஒரே நேரத்தில் களத்தில் எத்தனை வெளிநாட்டவர் என்று வரம்பு உள்ள லீக்குகளில் ஜெயிப்பதும் தோற்பதும் உள்ளூர் ஆட்டக்காரர்களின் தரத்தில்தான் இருக்கிறது. இம்போர்ட் (வெளிநாட்டு ஆட்டக்காரர்) எல்லா அணிக்கும் உண்டு, பந்தை நடத்திச் செல்லும் நல்ல உள்ளூர் கார்ட் எல்லோருக்கும் கிடையாது.

இது புதுக் கதையும் இல்லை. 2012-13இல் இன்னொரு என்பிஏ நட்சத்திரம் டிரேசி மெக்ரேடி சீனாவில் சிங்தாவ் அணிக்குப் போய் 25 பாயின்ட் சராசரி எடுத்தார், விமான நிலையத்திலேயே ஆயிரக்கணக்கில் கூட்டம், அணிக்குக் கடைசி இடம். எதிர்ப்பக்கம் பாருங்கள், அதே என்பிஏவின் டொமினிக் வில்கின்ஸ் 1995-96இல் கிரீஸில் பனதினைகோஸுக்கு ஒரே சீசன் ஆடினார். பயிற்சியாளர் மல்கோவிச்சோடு ஒத்தே போகவில்லை, ஆனால் அது ஏற்கனவே வலுவான அணி, உள்ளே வ்ரான்கோவிச் மாதிரி ஆள் இருந்தார். பாரிஸில் பார்சிலோனாவை 67-66 என்று ஒரே பாயின்டில் ஜெயித்து ஐரோப்பியக் கோப்பை, வில்கின்ஸுக்கு ஃபைனல் ஃபோரின் (கடைசி நான்கு அணிகள் மோதும் சுற்று) சிறந்த ஆட்டக்காரர் விருது. அவர்தான் ஹோவர்டைவிடப் பெரிய ஆள் என்று நான் சொல்லவரவில்லை. போய்ச் சேர்ந்த வீடு வேறு.

பெரியகுளம் சில்வர் ஜூபிலி டோர்னமென்டில் ஐஓபி, இந்தியன் பேங்க், ஐசிஎஃப், ஆர்மி என்று பார்த்து வளர்ந்தவன் நான். அந்த அணிகளில் ஒரே பையன் பத்து வருஷம் ஒரே சகாவுக்குப் பாஸ் கொடுப்பான், கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பான். ஆறு மாதத்துக்கு வந்து போகிறவரோடு அந்தப் பழக்கம் வராது, அவர் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும்.

---

ஷாங்காய் இட்லி:

தைவான் பக்கம் நடந்ததையே எழுதுகிறீர்கள், எங்கள் பக்கம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஷாங்காயில் வேலை, ஆபீஸ் பசங்களோடு வாரம் ஒரு ராத்திரி ஆட்டம். அவர்களில் பாதிப் பேர் ஹோவர்ட் ரசிகர்கள்.

2023 மே மாதம் தைவான் துணை அதிபர் லாய் சிங்-தேயோடு ஒரு விளம்பர வீடியோவில் வந்தார், அதிபர் மாளிகையில் ஒரு இரவு தங்கும் போட்டிக்கு வெளிநாட்டவரை அழைக்கும் வீடியோ. அதில் தைவானை ஆங்கிலத்தில் ‘country’, அதாவது ‘நாடு’ என்று சொல்லிவிட்டார். சீனாவோ தைவானைத் தன் பகுதி என்கிறது. அவ்வளவுதான், சீனச் சமூக வலைத்தளமான வெய்போ பற்றி எரிந்தது. அன்று ராத்திரி ஆட்டத்துக்கு வந்த ஒரு பையன், எப்போதும் ஹோவர்ட் படம் போட்ட டீசர்ட்டோடு வருகிறவன், வெறும் வெள்ளைப் பனியனில் வந்தான். யாரும் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பிறகு அவர் மன்னிப்பு கேட்டார். தான் அரசியல்வாதி இல்லை, தன் ஊரில் கிராமப்புறத்துக்குப் போவதையும் ‘country’ என்ற அதே சொல்லால்தான் சொல்வார்கள் என்கிற மாதிரி ஒரு விளக்கம் கொடுத்தார். சீனாவில் கோபம் தணியவில்லை, தைவானில் சிலருக்கு மன்னிப்பு கேட்டதே பிடிக்கவில்லை. ரெண்டு பக்கமும் அடி. கூடைப்பந்து ஆடப் போன ஒருவரை அந்த வீடியோவில் உட்கார வைத்தவர்களுக்கு விளைவு தெரியாமலா இருக்கும்? என் கோபம் அவர்கள் மேல்தான்.

என்பிஏவில் ஆடிய ஸ்டெஃபான் மார்பரி பெய்ஜிங் அணிக்கு 2012, 2014, 2015 என்று மூன்று பட்டம் வாங்கிக் கொடுத்தார், சிலையே வைத்தார்கள். வருஷக்கணக்கில் இருந்தவருக்கு எதைப் பேசலாம், எதை விடலாம் என்பது பழகிவிடுகிறது. புதிதாக வந்தவருக்கு அதை யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

---

ஜோங்லிவாசி:

கார்ட் அண்ணே, உங்கள் கணக்கு சரிதான், ஒரே ஒரு இடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெற்றி தோல்வி மட்டும்தான் அளவுகோல் என்றால் வடைகடை பார்த்த அந்த நாலு வயசு நண்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதே தாவோயுவானில், அதே அரீனாவில், பி லீக்கின் பைலட்ஸ் அணியும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு சின்னத் தீவில் இரண்டு தொழில்முறை லீக், ஒரே ஊரில் ரெண்டு டீம், ஆளுக்கு ஆள் ரசிகர்களைப் பிடிக்கப் போராட்டம். ஹோவர்ட் வந்ததுக்குப் பதிலடி போல அடுத்த பிப்ரவரியில் பி லீக் பக்கம் முன்னாள் என்பிஏ ஆட்டக்காரர் ஜெரமி லின் கௌசியுங் ஸ்டீலர்ஸுக்கு வந்தார். லேபில் கிரிக்கெட்டைத் தவிர எதையும் பார்க்காத நம் மதுரைக்காரர்கூட அப்போது பிக் அண்ட் ரோல் பற்றிப் பேச ஆரம்பித்தார், அந்தக் கொடுமையை எங்கே சொல்ல.

இம்போர்ட் என்றால் வந்து போகிறவர் மட்டும் இல்லை. குயின்சி டேவிஸ் அலபாமாக்காரர், தைவானில் ஆட வந்தவர், 2013இல் குடியுரிமை வாங்கித் தேசிய அணிக்கே ஆடினார். அந்த ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப் காலிறுதியில் சீனாவை 96-78 என்று சாய்த்தார்களே, அதில் நடுவில் நின்றவர் அவர்தான். ஜோங்லிப் பெரியவர்கள் ஹோவர்ட் பெயரைச் சொன்னால் "நல்ல ஆள், ஜாலியான ஆள்" என்பார்கள், டேவிஸ் பெயரைச் சொன்னால் அந்த மேட்சையே முழுசாக ஒப்பிப்பார்கள்.

டி1 லீக் இப்போது இல்லை. 2024இல் இரு பக்கத்து அணிகளில் பலவும் சேர்ந்து டிபிபிஎல் என்ற புது லீக் ஆகிவிட்டன, லெப்பர்ட்ஸ் ‘தைவான் பீர்’ பெயரோடு இன்னும் தாவோயுவானில்தான் இருக்கிறது. ஹோவர்ட் 2025இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போய்விட்டார்.

வடைகடை, அந்த வெளியூர் ஆட்டத்தில் எடுத்த வீடியோ ஏதாவது இருந்தால் போடுங்கள், அறிவிப்பாளர் மழுப்பியதைப் பார்க்க வேண்டும்.

---

சிஞ்சு வடைகடை:

வீடியோ இருக்கிறது, ஆனால் பாதி முழுக்க முன்னால் உட்கார்ந்தவர் தூக்கிப் பிடித்த குச்சிதான். தேடிப் போடுகிறேன்.