டபிள்யூஆர்எஃப் (வானிலை மாடல்) 4.6.0-க்கு மாத்துனதுல இருந்து கம்பைல் ஆகமாட்டேங்குது, அவசரம்ங்க

குறிச்சிக்குளம்22
4.5.2 நல்லா ஓடிட்டு இருந்துச்சுங்க. 4.6.0 எறக்கி கம்பைல் குடுத்தா எக்ஸி (ஓட்டற ப்ரோகிராம் ஃபைல்) ஒண்ணுகூட வரல. லாக்ல கடைசி வரி: "ப்ராப்ளம்ஸ் பில்டிங் எக்ஸிக்யூட்டபிள்ஸ்". நாளைக்குக் காலைல பாலக்காட்டுக் கணவாய் ரன்னைக் கைடுகிட்ட காட்டணும். வெரசா சொல்லுங்க.

ஆழியாறு_மேற்கு
கடைசி வரி எல்லாத்துக்கும் அதேதானுங்க வரும். எந்த கம்பைலர்? கான்ஃபிகர்ல (கம்பைலுக்கு முன்னாடி கம்பைலரைத் தேர்ந்தெடுக்கற பட்டியல்) எத்தனாவது நம்பர்? கிட்ல (கோடோட வெர்சன்களைக் காக்கற கருவி) குளோன் பண்ணி நகல் எடுத்தீங்களா, ஜிப்பா? லாக்ல "ஃபேட்டல்"னு முதல்ல வர்ற எடத்தையும், அதுக்கு மேல அஞ்சு வரியையும் போடுங்க.

நெட்சிடிஎஃப்_நேசன்
இது நெட்சிடிஎஃப்தான், மாடல் டேட்டா ஃபைலைப் படிச்சு எழுதற லைப்ரரி. சி லைப்ரரியும் ஃபோர்ட்ரான் லைப்ரரியும் வேற வேற எடத்துல இருக்கும். ரெண்டையும் ஒரே ஃபோல்டருக்குள்ள லிங்க் போட்டுட்டு மறுபடி கான்ஃபிகர் பண்ணுங்க.

மூத்த_லேப்காரர்
வாராவாரம் இதே கேள்வி. கிட் தெரியாம மாடல் ஓட்ட வந்தா இப்படித்தான். ரீட்மீ-ன்னு ஒரு ஃபைல் இருக்கு, தம்பி.

குறிச்சிக்குளம்22
உபுண்டு 22.04, ஜிஃபோர்ட்ரான் 11, நம்பர் 34. ரிலீஸ் பக்கத்துல "சோர்ஸ் கோட் ஜிப்"னு இருந்ததை எறக்குனேன். லாக்ல இது இருக்குங்க:
"புல்லிங் இன் நோவாஎம்பி சப்மாட்யூல்
ஃபேட்டல்: நாட் எ கிட் ரெபாசிடரி"

ஆழியாறு_மேற்கு
அவ்வளவுதானுங்க விசயம். நோவாஎம்பி (நிலப்பரப்பு ஈரம், வெப்பம் கணக்குப் போடற பகுதி) தனி ரெபாசிடரி, அதாவது தனிக் கோட் கிடங்கு. டபிள்யூஆர்எஃப்-க்குள்ள சப்மாட்யூலா, வெளிக் கிடங்குக்கு ஒரு இணைப்பா தொங்குது. கிட்ஹப் தானாக் கட்டுற "சோர்ஸ் கோட்" ஜிப்புல சப்மாட்யூல் உள்ளடக்கம் வராது. ஃபிஸ் ஃபோல்டருக்குள்ள நோவாஎம்பி-யைத் தொறந்து பாருங்க, காலியா இருக்கும். காலியா இருந்தா மேக்ஃபைலே கிட்டைக் கூப்பிட்டு எறக்கப் பாக்கும். ஜிப்புல .கிட் ஃபோல்டரே இல்லியே, அதான் அந்த ஃபேட்டல். (கிளஸ்டர்ல நெட் இல்லாத நோடுல கம்பைல் பண்ணுனாலும் இங்கதான் நிக்கும்.) அந்த ஜிப்பை விட்டுட்டுப் புதுசா:

கிட் குளோன் --ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ் --பிராஞ்ச் வி4.6.0, அப்பறம் ரெபாசிடரி முகவரி. எஸ்எஸ்எச் வேண்டாம், எச்டிடிபிஎஸ் முகவரி குடுங்க. காலேஜ் நெட்ல 22-ஆம் போர்ட் பெரும்பாலும் அடைச்சிருக்கும்.

குறிச்சிக்குளம்22
குளோன் பாதியில "ஏர்லி இஓஎஃப்"னு அறுந்துருச்சுங்க. ஹாஸ்டல் நெட்டு.

ஆழியாறு_மேற்கு
கூடவே --டெப்த் 1 --ஷாலோ-சப்மாட்யூல்ஸ் சேருங்க. பழைய வரலாறு எல்லாம் வராது, சுமை ரொம்பக் கொறையும். முடிஞ்சதும் கிட் சப்மாட்யூல் ஸ்டேட்டஸ் அடிங்க. வரிக்கு முன்னாடி கழித்தல் குறி நின்னா இன்னும் எறங்கல, கூட்டல் குறி நின்னா வேற கமிட்ல (பதிஞ்சு வெச்ச வேற நிலையில) நிக்குது. ரெண்டும் இல்லாட்டிதான் சரி.

நெட்சிடிஎஃப்_நேசன்
இருந்தாலும் நெட்சிடிஎஃப்-ஐ ஒருக்கா பாத்துக்கறது நல்லதுங்க.

சூலூர்_சிமுலேசன்
கணவாய்க்கு எத்தன கிலோமீட்டர் கிரிட் (கணக்குப் புள்ளிகளுக்கு எடைல தூரம்) போடறீங்க? 3-ன்னா வேஸ்ட். 1 போடுங்க.

மூத்த_லேப்காரர்
கணவாய் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். இந்த மாடல் நெசமாவே புடிக்கற அளவு கிரிட்டுக்கு ஏழு மடங்கு, 3-க்கு 21 கிலோமீட்டர். போதும். 1-க்குப் போனா டைம்ஸ்டெப் (ஒவ்வொரு கணக்குக்கும் நடுவுல நேரம்) 18 செகண்ட்ல இருந்து 6-க்கு எறங்கும், அதே பரப்புக்குக் கிரிட் புள்ளியும் ஒம்பது மடங்கு. 27 மடங்கு வேலைங்க.

சூலூர்_சிமுலேசன்
21-ல 30-ஐப் புடிக்கறது தொட்டும் தொடாமத்தான். ஓரத்து மலைச் சரிவு மழுங்கிரும், உடுமலைப் பக்கம் காத்து வேகம் தப்பா வரும்.

ஆழியாறு_மேற்கு
இதைத் தனியாப் பேசுங்க சாமி, பையனுக்கு விடிஞ்சா மீட்டிங். தம்பி, 4.5.2-ல எதாச்சும் கைவெச்சிருக்கீங்களா?

குறிச்சிக்குளம்22
ரிஜிஸ்ட்ரில (மாடலோட வேரியபிள் பட்டியல் ஃபைல்) ரெண்டு வேரியபிள் சேத்தேன். அந்த ஃபைலை அப்படியே புதுசு மேல காப்பி பண்ணட்டுங்களா?

ஆழியாறு_மேற்கு
பண்ணீராதீங்க! 4.6.0-ல அவங்க சேத்த வரியெல்லாம் அழிஞ்சு போகும். வேற ஃபோல்டர்ல சுத்தமான வி4.5.2 குளோன் பண்ணி, உங்க ரிஜிஸ்ட்ரியை அதுல வெச்சு, கிட் டிஃப் (மாத்துன வரிகளோட பட்டியல்) எடுத்து ஒரு ஃபைல்ல போடுங்க, அதான் பேட்ச். அதுல உங்க ரெண்டு வரி மட்டுந்தான் தெரியணும். அப்பறம் 4.6.0-ல அந்த பேட்ச் பொருந்துதான்னு பாக்க கிட் அப்ளை --செக். திட்டாம இருந்தா --செக் இல்லாம இன்னொருக்கா. ரிஜிஸ்ட்ரியைத் தொட்டா க்ளீன் -ஏ (பழைய கம்பைல் ஃபைலை எல்லாம் தொடைக்கறது) கட்டாயம். அது பழைய கான்ஃபிகரையும் அழிக்கும், மறுபடி 34 குடுக்கோணும்.

அடுத்த வெர்சனுக்கு கிட் புல் அடிச்சா "நீங்க எந்தப் பிராஞ்ச்லயும் இல்ல"ங்கும், டேக்ல (வெர்சனுக்கு ஒட்டுன பேர்) நிக்கறதால. கிட் ஃபெட்ச் --டெப்த் 1 ஆரிஜின் டேக் வி4.6.1, கிட் செக்அவுட் வி4.6.1, அதோட மறக்காம கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ். செக்அவுட் சப்மாட்யூலை நகத்தாது. நோவாஎம்பி "மாடிஃபைடு"ன்னு காட்டுனா நாம எதையோ மாத்திட்டோம்னு நெனச்சு கமிட் பண்ணீரப்படாது.

குறிச்சிக்குளம்22
வந்துருச்சுங்ணா. டபிள்யூஆர்எஃப், ரியல், என்டவுன், டிசி நாலு எக்ஸியும் இருக்கு. ரொம்ப நன்றிங்க.

ஆழியாறு_மேற்கு
ரிஜிஸ்ட்ரி பேட்ச் ஏத்திட்டுக் கம்பைல் பண்ணுனீங்களா, ஏத்தாமயா? மாடலுக்கு இன்புட் தயார் பண்ற ரியல்-ஐயும் புது எக்ஸில மறுபடி ஓட்டோணும், பழைய இன்புட் ஃபைல் ஆகாது.

சூலூர்_சிமுலேசன்
ஆள் போயாச்சுங்க. 27 மடங்குன்னீங்களே, நெஸ்டிங் (பெரிய கிரிட்டுக்குள்ள சின்னக் கிரிட்) வெச்சு கணவாய்க்கு மட்டும் 1 போட்டா எத்தன?