புதுப்பிப்பு: கணவாய்க்கு அப்பாலுள்ள இரண்டு மலையேரிகள், நேரக் கணக்கும் ஓடையும்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கணவாயைத் தாண்டி இரண்டு மலையேரிகளுக்குப் போகும் நடைப்பயணத்தில், 14 கி.மீ. தூரம், 1,100 மீ. ஏற்றம் கொண்ட முதல் நாளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது, பனியுருகல் ஓடையை எப்போது கடப்பது என்பவைதான் என் கேள்விகள்.

மலைநடைக்கு ஆகும் நேரத்தைக் கணிக்கும் நெய்ஸ்மித் கணக்கின்படி (5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீ. ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம்) சுமார் 4 மணி 40 நிமிடம் வந்தது. அதை ஒன்றரை மடங்காக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. உண்மையில் 7 மணி 20 நிமிடம் ஆனது. பாறைக்குவியலாய்க் கிடந்த கடைசி 2 கி.மீ. மட்டுமே 1 மணி 50 நிமிடத்தை விழுங்கியது. தடமில்லாத பகுதியைத் தனியாகப் பிரித்துக் கணக்கிடுங்கள்.

ஓடைக்கு "விடியலில் கடந்துவிடு" என்ற பதில் மிகச் சரி. பகல் வெயிலில் உருகும் நீர் கீழே வந்து சேர மாலையாகிவிடும். முதல் நாள் மாலை தொடையளவு ஓடிய நீர், மறுநாள் காலை 6 மணிக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, காலணியோடே கடக்க வேண்டும், வெறுங்கால் வழுக்கும்.

எதிர்பாராதது: கணவாயின் வடசரிவில் காலைப் பனி இறுகிக் கிடந்தது. ஓடையைச் சீக்கிரம் கடந்தாலும், பனி இளகும்வரை மேலே 10 மணிவரை காத்திருக்க நேர்ந்தது. மைக்ரோஸ்பைக் (பனியில் வழுக்காமலிருக்கக் காலணிமேல் மாட்டும் சிறு கூர்முனைகள்) இருந்தால் இந்தக் காத்திருப்பு மிச்சம்.

இன்னொன்று, இரவில் குடிநீர் பாட்டில் உறைந்தது. நுண்குழல் வடிகட்டியை (நுண்ணிய குழல்கள் வழியாகக் குடிநீரை வடிகட்டும் கருவி) உறைய விடாதீர்கள், உள்ளே விரிசல் விட்டால் வெளியே தெரியாது. தூங்கும் பைக்குள் வைத்ததால் என் வடிகட்டி தப்பியது.